தீவகத்துச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு உதவி கிடைக்குமா?

கேள்வி: இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான தீவகத்தில் தரம் 5 வரையுள்ள பள்ளிக்கூடம் ஒன்றின் அதிபர் நான். பிள்ளைகள் 38 பேர். கனடாவிலுள்ள அறக்கட்டளை ஒன்றிடம் உதவி கேட்டோம். உங்கள் தகுதியைக் காட்டுங்கள் என்கிறார்கள். அரசாங்கப் பள்ளிக்கூடம் என்பதால் கிடைக்காதா?

பதில்: கிடைக்கும். அரசாங்கப் பள்ளிக்கூடம் என்பது தடை இல்லை. பாடநூல், சீருடை என்று அரசாங்கம் தருவதையே கேட்டால்தான் தள்ளிவிடுவார்கள்.

அவர்கள் கேட்பதைச் சந்தேகமாக எடுக்காதீர்கள். கனடாவில் பதிவுபெற்ற அறக்கட்டளைகள் 2022 வரை வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நேரே காசு கொடுக்க முடியாது. தங்கள் சொந்த வேலைத்திட்டமாக நடத்திக் காட்ட வேண்டும். அந்த வருடம் சட்டம் தளர்ந்தது. ஆனாலும் காசு எங்கே போனது என்பதற்கு அவர்கள்தான் பொறுப்பு. அதனால் உங்கள் சொந்தக் கணக்கு இலக்கத்தைக் கொடுக்கவே கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கைக் கொடுங்கள், கூட்டத் தீர்மானத்தின் பிரதியோடு. வலயக் கல்விப் பணிப்பாளரின் சம்மதக் கடிதத்தையும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

சரி, கஷ்டத்தை எப்படிக் காட்டுவது? 'வறிய பிள்ளைகள்' என்று எல்லாக் கடிதத்திலும்தான் இருக்கிறது. உங்கள் வரவுப் பதிவேட்டில் கார்த்திகை, மார்கழிப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாள்களில் எத்தனை ஆசிரியர்கள் வந்தார்கள், அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் திரும்பிப் போனார்கள்? அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளின் பெயரை மறைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை என்ற வகைப்படுத்தல் இருந்தால் அந்தக் கடிதமும், அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் எண்ணிக்கையும் போதும்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். பட்டினத்துப் பெரிய கல்லூரிகளுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கக் கிளைகள் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்க அங்கே யாரும் இல்லை. என்னைப் பொறுத்தவரை அதுவே பெரிய தகுதி.

அப்புறம், பத்துச் சாமான் கேட்காதீர்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் உப்பை நீக்கும் குடிநீர் வடிகட்டி ஒன்றை மட்டும் கேளுங்கள். விலைக்கூறு மூன்று இணையுங்கள். மின்கட்டணத்தையும் வடிகட்டி மாற்றும் செலவையும் பிறகு யார் கட்டுவார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அதைக் காணாமல் திரும்பி வந்த விண்ணப்பங்கள் நிறைய.