ஷெனா: பெண்ணா, மனைவியா? ஸ்லாவிய மொழிகள் பற்றிக் கேள்வி பதில்

ரஷ்யன், போலிஷ், செக், உக்ரைனியன், செர்பியன், பல்கேரியன் என்று நீளும் ஸ்லாவிய மொழிக் குடும்பத்தில் பெண்ணுக்கும் மனைவிக்கும் உள்ள சொற்களைப் பற்றி எதுவும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். முதலில் உச்சரிப்பு: நான் 'ஷெனா' என்று எழுதும் இடத்தில் ஷ-வை 'ப்ளெஷர்', 'மெஷர்' என்பதில் வருகிற மாதிரி அதிர்வோடு சொல்லுங்கள். தமிழில் அந்த ஒலிக்கு எழுத்து இல்லை.

மேடம், நான் ரஷ்யன் படிக்கிறேன். 'ஷெனா' என்றால் மனைவி என்று பாடத்தில் இருக்கிறது. செக் நாட்டுப் பிராகில் வேலை பார்க்கும் நண்பன் 'ஷெனா' என்றால் பெண் என்கிறான். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரி. எல்லா ஸ்லாவிய மொழிகளுக்கும் தாயான பழைய மொழியில் 'ஷெனா' என்ற ஒரே சொல் பெண், மனைவி இரண்டையும் குறித்தது. பிள்ளைகள் பிரிந்துபோன பிறகு ஆளுக்கொரு விதமாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள்.

செக், ஸ்லோவாக், செர்பியன், குரோஷியன், பல்கேரியன், மாசிடோனியன் மொழிகளில் இன்னும் இரண்டு பொருளும் உண்டு. 'என்' என்பதை முன்னால் சேர்த்தால் மனைவி, சேர்க்காவிட்டால் பெண். ரஷ்யனிலும் போலிஷிலும் மனைவி மட்டும்தான் மிஞ்சினாள். போலிஷில் அது 'ஷோனா' என்று ஒலிக்கும்.

இந்தப் பாகப்பிரிவினைதான் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம். பழைய சொல் மனைவியோடு போய்விட்ட மொழிகளில் பெண்ணுக்குப் புதுச் சொல் தேட வேண்டியதாயிற்று. பெண்ணோடு தங்கிய மொழிகளில், அரசாங்கப் படிவத்தில் 'மனைவி' என்று ஐயமில்லாமல் எழுத வேறு சொல் வேண்டியிருந்தது.

அப்படியானால் ரஷ்யன் பெண்ணுக்கு எங்கிருந்து சொல் எடுத்தது?

வெளியே போகவில்லை. ஷெனாவிலிருந்தே 'ஷென்ஷினா' என்று ஒன்றை உண்டாக்கியது. அதன் கடைசியில் இருக்கும் 'ஷினா' என்ற விகுதி ஒரு கூட்டத்தை மொத்தமாகக் குறிப்பது. ராணுவக் கும்பலுக்கு 'வொயென்ஷினா', பட்டிக்காட்டு ஜனத்துக்கு 'திரிவியென்ஷினா' என்பார்கள். ஆக ஷென்ஷினா என்றால் முதலில் பெண்ணினம். பிறகு அதே சொல் ஒரு தனிப் பெண்ணுக்கு வந்தது. ஆணுக்கும் இதே கதைதான்: ரஷ்யனில் 'முஷினா', போலிஷில் 'மென்ஷ்சிஸ்னா'. போலிஷ்காரர்களின் இந்த 'ஆண்' இலக்கணத்தில் பெண்பால் சொல் மாதிரியே வேற்றுமை உருபு ஏற்பான். பழைய கூட்டப்பெயரின் வால் இன்னும் போகவில்லை.

நம் ஊர் 'பொஞ்சாதி'யைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பெண் சாதி, அதாவது பெண்ணினம். ரஷ்யனில் இனப்பெயர் பெண்ணுக்குப் போனது, தமிழில் மனைவிக்கு வந்தது.

நான் உக்ரைனில், கார்கிவில் மருத்துவம் படித்தேன். அங்கே வீட்டுக்காரர் தன் மனைவியை 'துருஷினா' என்பார். ரஷ்யன் அகராதியில் பார்த்தால் படை என்று இருந்தது. பயந்துவிட்டேன்!

பயப்பட வேண்டாம், வீட்டில் படையெடுப்பு எதுவும் இல்லை. 'துரூக்' என்றால் நண்பன். கூடவே இருக்கும் தோழர் கூட்டம் 'துருஷினா'. பழைய கீவ் இளவரசர்களோடு எப்போதும் இருந்த போர்வீரர் குழுவுக்கு அதுதான் பெயர். ரஷ்யன் அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டது. உக்ரைனியன் 'கூட இருப்பவர்' என்ற பக்கத்தைப் பிடித்து வாழ்க்கைத் துணைக்கு வைத்துக்கொண்டது. முன்பு கணவனுக்கும் அதே சொல்லைச் சொன்னதுண்டு. இப்போது மனைவிதான்.

உக்ரைனியனில் 'ஷின்கா' என்பது பெண், மனைவி இரண்டும். வீட்டுப் பேச்சில் 'என் ஷின்கா' என்பார்கள், கொஞ்சம் மரியாதையாகவோ எழுத்திலோ 'என் துருஷினா'. பக்கத்து பெலாரசியனில் 'ஷோன்கா' என்றால் மனைவி மட்டும், பெண் 'ஷன்சினா'. மூன்று மொழிகளும் அண்டை வீடுகள், மூன்றும் மூன்று விதம்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். ரஷ்யனில் 'செலவேக்' என்றால் மனிதர். உக்ரைனியனில் 'சொலவீக்' என்றால் ஆண், கணவன். ஆக உக்ரைனியனில் பெண்ணுக்கான சொல்லுக்கும் இரு பொருள், ஆணுக்கான சொல்லுக்கும் இரு பொருள்.

போலிஷில் பெண்ணுக்கு 'கொபியெத்தா' என்கிறார்கள். இது ஷெனா மாதிரியே இல்லையே?

இல்லைதான். இன்று கேட்ட கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இது, கொஞ்சம் நீட்டுகிறேன்.

போலிஷ் 'ஷோனா' மனைவியாகிவிட்ட பிறகு, பெண்ணுக்குப் பொதுச் சொல்லாக இருந்தது 'நியெவியாஸ்தா'. இதற்கு மூலப்பொருள் மருமகள், புதிதாக வீட்டுக்கு வந்த இளம்பெண். செக்கில் 'நெவியெஸ்தா' இன்றும் மணப்பெண். ரஷ்யனில் 'நெவெஸ்தா' மணப்பெண், 'நெவெஸ்த்கா' மருமகள். 'தெரியாதவள்' என்று பிரித்துப் பொருள் சொல்வது பரவலான விளக்கம். அறிஞர்கள் எல்லாரும் ஒப்பவில்லை.

கூடவே 'பியாவோக்வோவா' என்று ஒன்று இருந்தது. வெள்ளைத் தலை என்று அர்த்தம். நரை இல்லை, மணமான பெண்கள் தலையில் கட்டிய வெள்ளைத் துணி. போலந்தின் வடக்கே கஷூபியன் மொழியில் இன்றும் பெண்ணுக்கு 'பியால்கா' என்கிறார்கள், அதுவும் அந்த வெள்ளையிலிருந்து வந்ததுதான்.

'கொபியெத்தா' இவர்களுக்கெல்லாம் பின்னால், 16-ஆம் நூற்றாண்டில் தலைகாட்டுகிறது, அதுவும் வசையாக. அந்த நூற்றாண்டின் எழுத்தாளர் மார்சின் பியெல்ஸ்கியின் நையாண்டி ஒன்றில் பெண்கள் கூடி, ஆண்கள் நம்மைக் கேவலப்படுத்தத்தான் கொபியெத்தா என்கிறார்கள் என்று குறைப்படுகிறார்கள். பன்றிக் கொட்டிலைக் குறிக்கும் 'கோப்' என்ற சொல்லிலிருந்து வந்தது, கொட்டில் வேலை பார்ப்பவள் என்று ஒரு விளக்கம். பழைய ஜெர்மனிலிருந்து வந்தது என்று இன்னொன்று. வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் 1775-இல், ஆயரும் கவிஞருமான இக்னாத்சி கிராசீத்ஸ்கி, உலகத்தை ஆள்வது நாம், நம்மை ஆள்வது கொபியெத்தாக்கள் என்று எழுதும்போது அதில் வசை இல்லை. 200 ஆண்டுகளில் திட்டு மரியாதைச் சொல்லானது. 'நியெவியாஸ்தா' இப்போது பைபிளிலும் பழம்பாட்டிலும்தான்.

கைனகாலஜிக்கும் ஷெனாவுக்கும் தொடர்பு உண்டு என்று எங்கோ படித்தேன். உண்மையா, இல்லை 'எல்லாம் ஒன்றே' வகையறாவா?

உண்மை. கைனகாலஜியில் இருப்பது கிரேக்க 'கினே', பெண். ஆங்கில 'குவீன்', ஸ்வீடனின் 'குவின்னா', ஐரிஷ் 'பென்', பாரசீக 'ஸன்', வேத மொழியின் 'ஜனி', 'க்னா' எல்லாம் ஒரே வேர். 'குவீன்' பழைய ஆங்கிலத்தில் மனைவியையும் குறித்தது, பிறகுதான் ராஜாவின் மனைவியோடு நின்றுவிட்டது. பாரசீக 'ஸன்'னிலிருந்துதான் அரண்மனை அந்தப்புரத்துக்கு 'ஜனானா' என்ற பெயர்.

மூல ஒலி க-வும் வ-வும் கலந்த ஒன்று. ஸ்லாவியத்தில் அது வெறும் 'க' ஆகி (மென்மையாக, ஆங்கில 'கோ' மாதிரி), எ, இ போன்ற உயிர்களுக்கு முன்னால் அதிரும் ஷ ஆனது. தற்செயல் இல்லை என்பதற்குச் சான்று: சமஸ்கிருத 'ஜீவ' ரஷ்யனில் 'ஷிவோய்', உயிருள்ள. அதே மாற்றம், அதே இடத்தில்.

அப்படியென்றால் ஜனனி, ஜனனம் எல்லாம் இதே வேர்தானே அக்கா?

அதுதான் இல்லை. பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். 'ஜனனி' பிறப்பித்தல் என்ற வேறு வேரிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் இரண்டு வேர்களின் முதல் ஒலியும் 'ஜ' ஆகிவிட்டதால் குழப்பம். ஸ்லாவியம் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது: பெண் வேருக்கு அதிரும் ஷ, பிறப்பு வேருக்கு 'ஸீப்ரா'வில் வரும் ஸ. அந்த ஸ-வோடு வரும் ரஷ்யச் சொல் 'ஸ்யாத்', மருமகன். ஜனனிக்கு ஸ்லாவிய உறவு வேண்டுமென்றால் மருமகனிடம்தான் போக வேண்டும்.

ரஷ்ய பைபிளில் இயேசு சிலுவையில் இருந்து தாயைப் பார்த்து 'ஷெனோ' என்கிறார். மனைவியே என்று ஆகிவிடாதா?

யோவான் 19:26. நம் பைபிளில் 'ஸ்திரீயே, அதோ, உன் மகன்' என்று இருக்கும் இடம். 1876-இல் முழுமையாக வந்த ரஷ்ய சினோத் மொழிபெயர்ப்பு, வழிபாட்டு மொழியான திருச்சபை ஸ்லாவோனியத்தின் பழைய பொருளை அப்படியே விட்டுவிட்டது. அங்கே ஷெனா என்றால் பெண்தான். கல்லறைக்கு நறுமணத் தைலம் கொண்டுபோன பெண்களையும் ரஷ்யர்கள் 'ஷோனி' என்றுதான் சொல்கிறார்கள், ஷெனாவின் பன்மை. யாருடைய மனைவிகள் என்று யாரும் கேட்பதில்லை.

கடைசியில் வரும் 'ஓ' விளி வேற்றுமை. ரஷ்யனில் அது செத்துப்போய் இப்படிப்பட்ட இடங்களில் மட்டும் பதுங்கியிருக்கிறது. போலிஷ், செக், உக்ரைனியன், செர்பியன், பல்கேரியனில் நன்றாக உயிரோடு இருக்கிறது.

மனைவிக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல் என்றால் பெண்ணென்றாலே மனைவிதான் என்று அந்தச் சமூகம் நினைக்கிறது என்பதுதானே அர்த்தம்?

அவ்வளவு வேகமாக முடிவுக்குப் போகாதீர்கள். ஜெர்மன் 'ஃப்ராவ்', பிரெஞ்சு 'ஃபாம்' இரண்டும் இப்படித்தான். நம் 'பெண்டாட்டி'யில் இருப்பதும் பெண்டுதான். சொல்லை வைத்துச் சமூகத்தை எடை போடுவது எனக்கு ஒப்பில்லை.

வினைச்சொல்லில் தேடினால் ஏதாவது கிடைக்கும். ரஷ்யனில் ஆண் கல்யாணம் செய்தால் 'ஷெனீத்சா', மனைவி எடுத்துக்கொள்கிறான். பெண் செய்தால் 'வீய்தி ஸாமுஷ்', கணவனுக்குப் பின்னால் போகிறாள். போலிஷிலும் அப்படியே. செக்கிலும் செர்பியனிலும் பெண்ணுக்கான வினையில் 'கொடு' என்ற வேர் இருக்கிறது. 'அவன் கட்டிக்கிட்டான், அவள் வாக்கப்பட்டாள்' என்று பேசுகிற நாம் இதைப் பார்த்து ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உக்ரைனியனில் இருபாலுக்கும் பொதுவான வினை ஒன்றும் உண்டு: 'ஒத்ருஷீதிஸ்யா', அதே துருஷினா வேர்.

படிவத்தில் மனைவிக்கு என்ன எழுதுவது? செர்பியாவில் 'சுப்ருகா' என்று பார்த்தேன்.

அதேதான். ரஷ்யன், பல்கேரியன், குரோஷியன் எல்லாவற்றிலும் சிறு மாற்றங்களோடு உண்டு. ஒரே நுகத்தில் பூட்டப்பட்டவர் என்று மூலப்பொருள். ரஷ்யனில் சேணத்துக்கு 'உப்ரியாஷ்' என்பதும் அந்த வேர்.

செக்காரர்கள் 'மான்ஷெல்கா' என்பார்கள். இதன் முன்னோர் 'மல்ஷெனா', கணவன் மனைவி இருவரையும் சேர்த்துச் சொல்லும் இருமைச் சொல். முதல் பாதி ஒப்பந்தம் என்ற பொருளுள்ள ஜெர்மானியச் சொல் என்பது பரவலான கருத்து. பின்பாதி நம் ஷெனா. வேடிக்கை என்னவென்றால், செக் கணவன் 'மான்ஷெல்' இந்தச் சொல்லை உடைத்து எடுத்ததுதான். பெயரிலேயே பாதி மனைவி.

மார்ச் 8-க்கு வாழ்த்து அட்டை எழுதணும். 'ஷெனா'வைப் போடலாமா?

செக்கில் 'தென் ஷென்', குரோஷியனில் 'தான் ஷேனா', தாராளமாக. போலிஷில் 'ஜியென் கொபியெத்'. அங்கே ஷோனாவைப் போட்டால் மனைவியர் தினம் ஆகிவிடும், அலுவலகத்தில் கொடுக்காதீர்கள். ரஷ்யனில் 'ஷென்ஸ்கி தென்'. அங்கே 1966-லிருந்து அன்று விடுமுறை.

'ஷென்ஸ்கா' என்று ஒரு ஸ்லோவேனிய நண்பர் சர்வ சாதாரணமாகச் சொன்னார். அதையே ஜாக்ரெபில் சொன்னபோது முறைத்தார்கள்.

ஸ்லோவேனியனில் 'ஷெனா' பெரும்பாலும் மனைவி, 'ஷென்ஸ்கா' சாதாரணமாகப் பெண். குரோஷியனில் அதே 'ஷென்ஸ்கா' கொச்சை. முறைத்ததோடு விட்டார்களே.

'பாபா' என்றால் பாட்டியா, திட்டா?

பல்கேரியாவிலும் செர்பியாவிலும் பாட்டி, தயங்காமல் கூப்பிடலாம். பல்கேரியர்கள் ஜனவரியில் கொண்டாடும் 'பாபின்தென்' பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளின் திருநாள், ஏனென்றால் பாபா மருத்துவச்சியும்கூட. ரஷ்யனிலும் போலிஷிலும் வளர்ந்த பெண்ணை பாபா என்றால் திட்டு. ஆனால் செப்டம்பர் கடைசியில் குளிருக்கு முன் வரும் வெயில் நாட்களை மூன்று நான்கு மொழிகளிலும் 'பாபாக்களின் கோடை' என்கிறார்கள், அதில் யாருக்கும் கோபமில்லை.

தமிழில் இருக்கிற மாதிரி ஓர்ப்படி, நாத்தனார், கொழுந்தன் எல்லாம் அங்கே உண்டா?

உண்டு. ரஷ்யனில் கொழுந்தன் 'தேவெர்', இந்தியில் கொழுந்தனுக்குச் சொல்லும் 'தேவர்'தான். நாத்தனார் 'ஸலோவ்கா'. ஓர்ப்படிக்குச் செர்பியனில் 'யெத்ர்வா', சமஸ்கிருத 'யாத்ரு'வின் உடன்பிறப்பு. நகரத்து ரஷ்யர்கள் பலர் இவற்றை மறந்து 'கணவரின் அண்ணன்' என்று சுற்றி வளைக்கிறார்கள். பால்கன் பக்கம் இன்னும் புழக்கம் அதிகம்.

தமிழ்வரை வந்து சேர்ந்தது ஒன்று உண்டு: 'வ்தொவா', விதவை. சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்தது, அவர்களுக்கு நேராக.

கடைசிக் கேள்வி. மாஸ்கோவில் கடையில் இருக்கும் பெண்மணியை எப்படிக் கூப்பிடுவது?

1917-க்குப் பிறகு 'சீமாட்டி' வகை விளிகள் ஒழிந்தன, 'தோழர்' 1991-க்குப் பிறகு போனது. இடையில் ஏற்பட்ட வெற்றிடத்தில் ஐம்பது வயதுக்காரரையும் 'தேவுஷ்கா', இளம்பெண்ணே என்கிறார்கள். 'ஷென்ஷினா!' என்று கத்துவதும் உண்டு, பலருக்கு அது பிடிப்பதில்லை. நீங்கள் 'இஸ்வினீத்தே', மன்னிக்கவும் என்று ஆரம்பியுங்கள். அவரே திரும்பிப் பார்ப்பார்.