அரசை எதிர்த்து வழக்கில் ஜெயித்தால் பணம் எங்கிருந்து வரும்?

நில எடுப்பு வழக்கில் கோர்ட் இழப்பீட்டை உயர்த்திவிட்டது, ஆனால் ‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்று அலுவலகத்தில் கைவிரிக்கிறார்கள், அப்படிச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி முடியாது. நில எடுப்பு வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனம் கொதித்துப் போயிருக்கிறது.

அரசியலமைப்பின் 202வது பிரிவு, கோர்ட் தீர்ப்புக்குக் கட்ட வேண்டிய பணத்தை ஆளுநர் சம்பளம், ஹைகோர்ட் நீதிபதிகள் சம்பளம், அரசுக் கடனுக்கான வட்டி ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் வரவுகள் சேரும் பொதுக் கணக்கிலிருந்து, கொடுத்தே ஆக வேண்டிய செலவு அது. சட்டமன்றம் விவாதிக்கலாம்; ஓட்டுப் போட்டு வெட்ட முடியாது. பட்ஜெட்டில் எழுதாமல் விட்டிருந்தால் துணை மதிப்பீட்டில், அதாவது பட்ஜெட்டுக்குப் பின் கொண்டுவரும் கூடுதல் செலவுப் பட்டியலில், சேர்க்கலாம். அவசரமென்றால் எதிர்பாராச் செலவு நிதி இருக்கிறது.

அப்புறம் ஏன் வருவதில்லை? பணம் இருந்தாலும் கோப்பு நகர வேண்டுமே. தாசில்தார் கணக்குப் போட்டு, கலெக்டர் ஆபீஸ் வழியாகத் துறைக்குப் போய், நிதித்துறை ஒப்புதலோடு அரசாணை வந்த பிறகுதான் கருவூலத்தில் பில். நடுவில் ‘அப்பீல் போகலாமா’ என்ற கேள்வியிலேயே மாதங்கள் ஓடிவிடும். உயர்த்திய தொகைக்கு, நிலத்தை அரசு கையில் எடுத்த நாளிலிருந்து முதல் வருடம் 9 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம் வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. தாமதித்த அதிகாரி அதைக் கட்டப்போவதில்லை, மக்கள் வரிப்பணம்தான் கட்டுகிறது.

அமெரிக்காவில் மத்திய அரசுக்கு எதிரான தீர்ப்புகளுக்கென்றே 1956இல் ஒரு நிரந்தர நிதி ஏற்படுத்தினார்கள். அதற்கு முன் பெரும்பாலான தீர்ப்புகளுக்கு நாடாளுமன்றம் தனித்தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது. நமக்கும் மாநில அளவில் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. தீர்ப்புத் தேதியிலிருந்து மூன்று மாதம் பொறுக்க வேண்டும், இது சிவில் நடைமுறைச் சட்டம் 82வது பிரிவு. அதற்குள் பணம் வராமல், தீர்ப்புக்கு ஸ்டேயும் (இடைக்காலத் தடை) இல்லையென்றால் உடனே நிறைவேற்று மனு போடுங்கள்; தீர்ப்புப் பணத்தை வசூலித்துத் தரும்படி கோர்ட்டைக் கேட்கும் மனு அது. ஜப்தி கேட்கும்போது அந்த அலுவலக ஜீப்பின் பதிவு எண், மேஜை, கம்ப்யூட்டர் எத்தனை என்று பட்டியலைத் தெளிவாகக் கொடுங்கள். கோர்ட் ஊழியரான அமீனா ஜப்தி வாரண்டோடு வாசலில் நின்ற பிறகு, அசையாமல் கிடந்த கோப்பு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அரசு அப்பீல் போய் ஸ்டே கேட்டால், ஒரு பகுதியையாவது கோர்ட்டில் டெபாசிட் செய்ய அரசுக்கு உத்தரவிடும்படி வலியுறுத்த உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். அந்தப் பணத்தை எடுக்க அனுமதி கேட்டுத் தனி மனு போட வேண்டும்.