ஃபிராங்கோ அனுப்பிவைத்த படங்கள்

வணக்கம் சார்,

2022இல் கோவா திரைப்பட விழாவில் ஸ்பானிய இயக்குநர் கார்லோஸ் சௌராவுக்கு சத்யஜித் ரே வாழ்நாள் சாதனை விருது கொடுத்து, அவருடைய படங்களையும் திரையிட்டார்கள். ஸ்பானிய சினிமா எனக்கு அங்கேதான் அறிமுகம். அப்புறம் தேடிப்பிடித்து அவருடைய ‘லா காசா’வையும் ‘கிரியா குவெர்வோஸ்’ படத்தையும் வீட்டில் பார்த்தேன். இரண்டுமே ஃபிராங்கோவின் சர்வாதிகாரக் காலத்தில் எடுத்தவை என்று படித்ததும் ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு கெடுபிடியான தணிக்கையின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இவை எப்படி பெர்லினுக்கும் கானுக்கும் போயின? ஈரானிலிருந்து ஜாபர் பனாகியின் படத்தை பென் டிரைவில் போட்டு கேக்குக்குள் ஒளித்து அனுப்பினார்களாமே, அந்த மாதிரியா? அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

கேக்கெல்லாம் தேவைப்படவில்லை. இந்தப் படங்களில் பலவற்றை விழாக்களுக்கு அனுப்பிவைத்ததே ஃபிராங்கோ அரசுதான்.

அந்தக் காலத்தில் விழாக்கள் நடந்த விதம் வேறு. 1972 வரை கான் விழாவுக்கு எந்தப் படம் போவது என்பதைப் பெரும்பாலும் அந்தந்த நாடுகளே முடிவு செய்தன. ஒலிம்பிக்குக்கு அணி அனுப்புவது போலத்தான். ஆகவே ஒரு ஸ்பானியப் படம் கானில் ஓடியது என்றால், மாட்ரிட்டில் ஓர் அதிகாரி அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். சினிமாத் தணிக்கை எந்த அமைச்சகத்தின் கையில் இருந்தது தெரியுமா? செய்தி மற்றும் சுற்றுலா அமைச்சகம். வெட்டுகிற கையும் வெளிநாட்டுக்காரர்களை வா வா என்று அழைக்கிற கையும் ஒன்றே.

இந்த ஏற்பாடு எங்கே போய் முட்டியது என்பதற்கு ‘விரிடியானா’வின் கதையைச் சொல்ல வேண்டும். ஃபிராங்கோவை ஆட்சியில் ஏற்றிய ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு நாடு திரும்பாமல் கடைசியில் மெக்சிகோவில் தங்கிவிட்டவர் இயக்குநர் லூயிஸ் புனுவேல். 1961இல் அவர் ஸ்பெயினுக்கு வந்து படமெடுத்தார். பார், உலகப்புகழ் பெற்ற எதிரியையே நாங்கள் வரவேற்கிறோம் என்று காட்டிக்கொள்ள அரசுக்கும் ஆசை. திரைக்கதை தணிக்கைக்குப் போனது. கன்னிமடத்தை விட்டு வந்த விரிடியானா தன் மாமன் மகனின் அறைக்குள் நுழைகிறாள், கதவு மூடுகிறது. முடிவு இப்படி இருந்தது. கூடாது என்றார்கள். சரி என்று புனுவேல் மாற்றினார். புதிய முடிவில் அவள், அவன், அவனோடு ஏற்கெனவே உறவில் இருக்கும் வேலைக்காரப் பெண், மூன்று பேரும் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். முந்தையதைவிட இது எவ்வளவு விஷமம் என்பது அதை அனுமதித்தவர்களுக்கு உறைக்கவே இல்லை.

ஸ்பெயினின் அதிகாரபூர்வப் படமாக அது கானுக்குப் போய், அங்கே உச்ச விருதான தங்கப் பனையை வாங்கியது. மேடையேறி விருதைப் பெற்றுக்கொண்டவர் திரைப்படத் துறையின் தலைமை இயக்குநர் ஹோசே முன்யோஸ் ஃபொன்தான். அவர் முகத்தில் அன்றைக்கு எவ்வளவு சிரிப்பு இருந்திருக்கும்! பிச்சைக்காரர்கள் குடித்துக் கும்மாளமிட்டு, இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியம் போலவே வரிசையாக உட்காரும் காட்சி அதில் இருக்கிறது. வாடிகனின் நாளிதழ் படத்தைக் கடுமையாகக் கண்டித்தது. முன்யோஸ் ஃபொன்தானின் வேலை போயிற்று. படத்துக்கு ஸ்பெயினில் தடை விழுந்தது. அப்படி ஒரு ஸ்பானியப் படம் எடுக்கப்படவே இல்லை என்பது போல நடந்துகொண்டார்கள்.

இத்தோடு அரசு பாடம் கற்று வாலைச் சுருட்டிக்கொண்டிருக்கும் என்று நினைப்போம். நடந்தது நேர்மாறு. 1962இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்துவிட்டு நின்றுகொண்டிருந்த ஆட்சி அது. நாங்களும் நாகரிகமானவர்கள்தான் என்று ஐரோப்பாவுக்குக் காட்ட வேண்டியிருந்தது. அந்த ஆண்டே மனுவேல் ஃபிராகா செய்தி மற்றும் சுற்றுலா அமைச்சரானார். திரைப்படத் துறைக்கு கார்சியா எஸ்குதேரோ மீண்டும் தலைமை இயக்குநராக வந்தார். ‘சிறப்பு ஆர்வம்’ என்றொரு வகை பிறந்தது. அதில் சேர்ந்த படங்களுக்கு அரசு தாராளமாக உதவியது. இளம் இயக்குநர்கள் இந்த வழியாகத்தான் வந்தார்கள்.

நீங்கள் பார்த்த ‘லா காசா’வும் அந்தக் காலத்துப் படம். கொளுத்தும் வெயிலில் முயல் வேட்டைக்குப் போகிறவர்கள் கடைசியில் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். அங்கே முன்பு சண்டை நடந்தது என்பார்கள், ஆனால் எந்தப் போர் என்று யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள், கவனித்தீர்களா? உள்நாட்டுப் போர் என்று பெயர் சொல்லத் தணிக்கை விடவில்லை. அந்த மௌனத்தால் படம் இன்னும் பயங்கரமாகிவிட்டது. 1966இல் பெர்லினில் சௌராவுக்குச் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. நடுவர் குழுவில் இத்தாலிய இயக்குநர் பசோலினியும் இருந்தார்.

அரசு தயவில் எடுத்த படம் என்பதால் மதிப்பு குறையுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்குப் பதக்கம் வேண்டும், இவர்களுக்குப் படம் வேண்டும். அவரவர் கணக்கு அவரவருக்கு. எனக்கு ஆறாத விஷயம் வேறு. இந்தப் பேரத்தில் ஏமாந்தது உள்ளூர்ப் பார்வையாளன்தான். ‘விரிடியானா’வைப் பாரிஸ்காரன் உடனே பார்த்தான், ஸ்பெயினில் 1977இல்தான் திரைக்கு வந்தது. 1974இல் சௌராவின் ‘கசின் ஆஞ்செலிகா’ கானில் பரிசு வாங்கியது. பாசிச சல்யூட் அடித்த நிலையிலேயே கை மாவுக்கட்டில் மாட்டிக்கொண்ட ஒரு ஃபாலாஞ்சிஸ்ட், அதாவது ஸ்பானிய பாசிசக் கட்சிக்காரர், அதில் வருவார். அதே ஆண்டு பார்சலோனாவில் அந்தப் படம் ஓடிய தியேட்டருக்குத் தீவைத்தார்கள். தணிக்கை தாண்டி வந்தாலும் தியேட்டரில் நிம்மதியாக உட்கார முடியாது. ‘கிரியா குவெர்வோஸ்’ மட்டும் தப்பித்தது. 1975இல், ஃபிராங்கோவின் கடைசி மாதங்களில் எடுத்த படம். வெளிவந்தபோது அவர் இறந்து போயிருந்தார்.

அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். சௌராவின் நடனப் படங்களுக்கு அவசரமில்லை, ‘கார்மென்’ ஒன்று போதும். முதலில் இன்னொரு ஸ்பானிய இயக்குநரான பெர்லாங்காவின் ‘எல் வெர்துகோ’ பாருங்கள். சவப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவன், மரண தண்டனையை நிறைவேற்றும் கிழவரின் மகளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அரசாங்கக் குடியிருப்பு கைநழுவாமல் இருக்க மாமனாரின் வேலையையும் ஏற்க வேண்டி வருகிறது. 1963இல் அது வெனிஸில் திரையிடப்பட்ட சமயம், ஸ்பெயினில் இரண்டு அனார்க்கிஸ்டுகளுக்கு (அரசே கூடாது என்பவர்கள்) மரண தண்டனை விதித்துக் கழுத்தை நெரித்துக் கொன்று சில வாரங்கள்கூட ஆகவில்லை. இத்தாலியிலிருந்த ஸ்பானியத் தூதர் கொதித்துப்போய் வெளியுறவு அமைச்சருக்குக் கடிதமே எழுதினார்.

இத்தனைக்கும் அது நகைச்சுவைப் படம். பெர்லாங்காவிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு முதல் தடவை பாதிதான் பிடிபடும். இரண்டாவது தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.