டேலி வந்த பிறகும் பேரேட்டைக் கையால் எழுத வேண்டுமா?

பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் டேலி என்ற கணக்கு மென்பொருளே பாடமாக இருக்கிறதே, கையால் பேரேடு (ஒவ்வொரு கணக்கின் பதிவுகளையும் தனித்தனியே தொகுக்கும் ஏடு) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். டேலியில் எஃப்5 அழுத்தி, ரொக்கமாகக் கொடுத்த வாடகை 5,000 ரூபாயைப் பதிந்தால் போதும். பேரேடு, இருப்பாய்வு (பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) எல்லாம் தானாக வந்துவிடும். இடையில் நடந்தது மாணவருக்குத் தெரியாது. வாடகையை அறைகலன் கணக்கில் போட்டாலும் இருப்பாய்வு சமமாகத்தான் நிற்கும். மென்பொருள் வாயே திறக்காது!

அதனால் முதலில் நோட்டில் பத்துப் பதிவு. அப்புறம் எக்செல்: பற்று, வரவுப் பத்திகளுக்கு மாணவரே சூத்திரம் போடட்டும். ஒரு தொகையை மாற்றினால் லாபம் எப்படி நகர்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்ப்பார்கள். கரும்பலகையில் அதற்கு எத்தனை முறை அழித்தெழுத வேண்டும்! டேலி கடைசியில் வரட்டும். கணினி குறைவென்றால் ஒன்றுக்கு இருவர், ஒருவர் பற்று சொல்ல மற்றவர் வரவு சொல்லட்டும்.