பத்தாம் வகுப்பில் 97, பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 23: எங்கே பிசகியது?

கேள்வி: என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிறாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியலில் 97 எடுத்தாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு, உயிரியல்-கணிதப் பிரிவு. காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70க்கு 23. “எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் போனேன்” என்று அழுகிறாள். வாரத்தில் ஐந்து நாள் டியூஷன் போகிறாள். டியூஷனை மாற்றுவதா, வணிகவியல் பிரிவுக்கு மாற்றிவிடுவதா? (கரூரிலிருந்து ஒரு தாய்)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. எந்தப் படிப்பு அவளுக்கு 97 வாங்கித் தந்ததோ அதையே இந்த ஆண்டும் படித்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் படிப்புக்கு இங்கே விலை போகவில்லை, அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 12. இரண்டு மதிப்பெண் வினா பத்தில் ஏழு எழுத வேண்டும்; நான்கு மதிப்பெண்ணிலும் பத்தில் ஏழு. ஏழு மதிப்பெண் வினா மூன்று, ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு. மீதி 25 செய்முறைக்கு. அது பெரும்பாலும் முழுதாகவே கிடைத்துவிடும். இரண்டு மதிப்பெண் பகுதியிலும் நான்கு மதிப்பெண் பகுதியிலும் ஒவ்வொரு கட்டாய வினா இருக்கிறது, அது பெரும்பாலும் கணக்காக அமையும். அந்த இரண்டையும் ஒரு பிள்ளை தொடாமல் விட்டால் போவது 6 மதிப்பெண். மற்ற இடங்களில் கணக்கு வந்தால் ஒதுக்கிவிட்டு வேறு வினாவுக்குப் போகலாம். ஆக, இயற்பியல் கணக்குப் பக்கமே எட்டிப் பார்க்காமல் 90ஐ நெருங்கவோ தாண்டவோ முடியும்.

அதற்கு மேல் நாம் கொடுக்கும் பயிற்சி. ஸ்லிப் டெஸ்ட், அலகுத் தேர்வு, ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்புதல் தேர்வுகள், பழைய வினாத்தாள்கள். மார்ச் வருவதற்குள் வினாவின் முதல் மூன்று சொல்லைப் பார்த்ததுமே விடை புத்தகத்தில் எந்தப் பக்கத்தில், படத்துக்கு மேலா கீழா என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். இதை நான் கேலி செய்யவில்லை. ஒழுங்கும் உழைப்பும் இல்லாமல் அது வராது. ஆனால் அந்த 97 சான்று சொல்வது இந்தத் திறமைக்கு. ஒரு புதிய நிலைமையைப் பார்த்து, “இங்கே எந்த விதி பொருந்தும்?” என்று யோசிக்கும் திறமையைப் பற்றி அது நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. பீசா என்பது பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் தேர்வு. அதன் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. படித்ததை வேறொரு சூழலில் பயன்படுத்தச் சொல்லும் தேர்வு அது. அறிவியலில் தமிழ்நாட்டுச் சராசரி 348, வளர்ந்த நாடுகளின் சராசரி 501. அடுத்த சுற்றில் இந்தியா கலந்துகொள்ளவேயில்லை. காய்ச்சல் கூடியதும் தெர்மாமீட்டரை ஒளித்து வைத்தோம்.

இனி பதினொன்றாம் வகுப்புக்கு வருவோம். இங்கே பாதிப் பழி பிள்ளையுடையது அல்ல என்பதைப் பல பெற்றோர் அறிவதில்லை. இயற்பியல் புத்தகத்தின் இரண்டாவது அலகான இயக்கவியலிலேயே நுண்கணிதத்தின் வகையீடும் தொகையீடும் வந்துவிடுகின்றன. கணிதப் புத்தகத்தில் நுண்கணிதம் இருப்பதோ இரண்டாம் தொகுதியில். அதாவது கணித ஆசிரியர் அந்தப் பாடத்தைத் தொடுவதற்கு மாதக்கணக்கில் முன்பே இயற்பியல் ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டியிருக்கிறது. காலாண்டுக்கு வந்த பாடங்கள் பெரும்பாலும் இயற்பியலின் முதல் தொகுதிதான். உங்கள் மகள் இழந்த 47 மதிப்பெண்ணில் ஒரு பங்கை இந்தக் குளறுபடியின் கணக்கில் எழுதுங்கள்.

கணிதம் புரியாத பிள்ளை என்ன செய்யும்? ஒரு சூத்திரம் படிப்படியாக எப்படி வருகிறது என்று காட்டும் தருவித்தலைச் செய்யுள் போல மனப்பாடம் செய்யும். எறிபொருளின் கிடைத்தள நெடுக்கத்துக்கான, அதாவது எறிந்த பொருள் எவ்வளவு தூரம் தள்ளி விழும் என்பதற்கான தருவித்தலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பிசகாமல் எழுதும். நடுவில் ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது. பந்தைத் தரையிலிருந்து எறியாமல் மாடியிலிருந்து எறிந்ததாக வினாவை மாற்றிவிட்டால் பேனா நின்றுவிடும்.

மகளிடம் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தேர்வு என்று சொல்லாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நேர் மேலே எறிந்த பந்தை மூன்று இடங்களில் வரையச் சொல்லுங்கள்: ஏறும்போது, உச்சியில், இறங்கும்போது. காற்றின் தடையை மறந்துவிடலாம். மூன்று இடத்திலும் பந்தின் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியால் காட்டச் சொல்லுங்கள். சரியான விடை மிக எளியது: மூன்றிலும் ஒரே ஓர் அம்பு, கீழ்நோக்கி, ஒரே நீளத்தில். புவியீர்ப்பைத் தவிர அங்கே வேறு விசை இல்லை. ஆனால் நியூட்டனின் மூன்று விதிகளையும் ஒரு சொல் பிசகாமல் எழுதும் பிள்ளைகளில் பலர், ஏறும் பந்துக்கு மேல்நோக்கி ஒரு பெரிய அம்பு போடுவார்கள். உச்சியில் எந்த அம்பும் போட மாட்டார்கள். “ஏன் மேலே ஓர் அம்பு?” என்று கேட்டால், “மேலே போகிறதே, விசை இல்லாமல் எப்படிப் போகும்?” என்பார்கள். விதி நோட்டில் இருக்கிறது. மனத்தில் இருப்பது நியூட்டனுக்கு முந்தைய இயற்பியல். உலகம் முழுவதும் இயற்பியல் ஆசிரியர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள், ஆகவே மகள் இப்படி வரைந்தால் திட்டாதீர்கள். விடையையும் உடனே சொல்லிவிடாதீர்கள். கையை விட்ட பிறகு பந்தை எது தள்ளுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று வேண்டுமானால்: 40 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டையும் தொடராக இணைத்து வீட்டு மின்சாரத்தில் மாட்டினால் எது அதிகம் ஒளிரும்? 40 வாட் பல்புதான். இதற்குத் தேவையானது எல்லாம் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலில் அவள் படித்ததுதான்.

இங்கேதான் பெற்றோர் வழக்கமாக ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: இன்னும் நிறையக் கணக்குப் போட வைக்க வேண்டும். தென் கொரியாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். கிம், பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. நுழைவுத் தேர்வுக்காக ஆளுக்குச் சராசரியாக 1,500 இயற்பியல் கணக்கு போட்டுவிட்டுப் பல்கலைக்கழகம் வந்திருந்த 27 மாணவர்களிடம் அடிப்படைக் கேள்விகளைக் கேட்டார்கள். பந்துக்கு அம்பு போடுவது போன்ற குழப்பங்கள் அப்படியே இருந்தன. போட்ட கணக்கின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் சொல்லிக்கொள்ளும்படித் தொடர்பே இல்லை. நீட் பயிற்சியில் சேர்த்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்கும் இதுவே என் பதில்.

அதற்காக மனப்பாடமும் தேர்வும் வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக்கி ஆகிய இருவரும் 2006இல் காட்டினார்கள். வரையறை, அலகு, விதி எல்லாம் மனத்தில் இருக்கத்தான் வேண்டும். ஸ்லிப் டெஸ்ட் நல்ல கருவி. அதில் எப்போதும் புத்தகத்தின் பின்பக்கக் கேள்வியையே கேட்பதுதான் கோளாறு.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் அந்தக் காலாண்டு விடைத்தாள். போன மதிப்பெண்களை அவளே மூன்றாகப் பிரிக்கட்டும்: மறந்துபோனது, எப்படித் தொடங்குவது என்று தெரியாதது, தொடங்கிவிட்டுக் கணிதத்தில் சறுக்கியது. நீங்கள் அருகில் உட்காரலாம், மொத்த மதிப்பெண்ணைப் பற்றிப் பேசக் கூடாது. 1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில், வெறும் குறிப்புரை பெற்றவர்கள் முன்னேறினார்கள். குறிப்புரையோடு மதிப்பெண்ணும் போட்டுக் கொடுத்தபோது அந்தப் பலன் போய்விட்டது. மதிப்பெண்ணைப் பார்த்த கண் அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது வகைதான் பெரிது என்றால் மகிழ்ச்சியடையுங்கள், அது எளிதில் தீரும். வரைபடத்தின் சாய்வு, வரைபடத்துக்குக் கீழுள்ள பரப்பு, அடுக்குகளுக்கும் சைன் கொசைனுக்கும் வகையீடு, தொகையீடு. இயற்பியலுக்கு உடனடியாகத் தேவைப்படுவது இவ்வளவே. கணித ஆசிரியரிடமோ டியூஷனிலோ இதை மட்டும் முதலில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகை பெரிது என்றால் டியூஷனை ஐந்து நாளிலிருந்து மூன்றாகக் குறையுங்கள். அங்கே ஒரே ஒரு விவரத்தை விசாரியுங்கள்: ஆசிரியர் போட்டுக் காட்டுவதற்கு முன் பிள்ளைகள் தாமாக முயல நேரம் தரப்படுகிறதா? பல இடங்களில் ஆசிரியர் போடுவார், பிள்ளைகள் நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். அதில் பயிற்சி கிடைப்பது ஆசிரியருக்கு. விடுபட்ட இரண்டு மாலைகளில் முன்பின் பார்த்திராத ஒரு கணக்கு, ஒன்றே போதும். முதல் பத்து நிமிடம் சூத்திரம் எழுதக் கூடாது. படம், அம்புக்குறி, “என்ன தெரியும், என்ன தெரியாது” என்று இரண்டு வரி. தருவித்தல் எழுதிப் பார்க்கும்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது எப்படி வந்தது என்று நான்கு சொல்லில் காரணம் எழுதட்டும். காரணம் எழுத முடியாத வரிதான் தேர்வறையில் மறந்துபோகும் வரி.

பள்ளியிலும் ஒன்று கேட்க வேண்டும். முன்பெல்லாம் பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டின் பாடத்தை நடத்திவிடும். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பிள்ளைகளின் சுமையைக் குறைப்பதற்காக 2025-26 முதல் அது நீக்கப்பட்டது. முடிவு நல்லதே. ஆனால் பழைய பழக்கம் திரும்பிவர வழி திறந்திருக்கிறது. பதினொன்றின் இரண்டு தொகுதிகளும் முழுதாக நடத்தப்படுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். நீட் தேர்வுக்கு இரண்டு ஆண்டுப் பாடமும் உண்டு என்பதால் இது உங்களுக்கு வெறும் கொள்கைப் பிரச்சினை அல்ல.

பிரிவு மாற்றம்? ஒரு காலாண்டுத் தாளை வைத்து அதை முடிவு செய்யக் கூடாது. எழுத்துத் தேர்வுக்குரிய குறைந்தபட்சம் 15 என்பதால் 23 என்பது தோல்விகூட அல்ல. அவளுக்கே வணிகவியலில் ஆசை இருக்கிறதென்றால் அது வேறு பேச்சு. இந்த மதிப்பெண்ணின் சூடு ஆறிய பிறகு தனியாகப் பேசுங்கள்.

அரையாண்டில் மதிப்பெண் துள்ளிக் குதித்து ஏறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். விடைத்தாள் வந்ததும் 24ஆம் வினாவையும் 33ஆம் வினாவையும் பாருங்கள். ‘அல்லது’ இல்லாத கட்டாய வினாக்கள் அவை இரண்டும். விடை தப்பாக இருந்தாலும் ஒரு படமும் இரண்டு வரி முயற்சியும் இருந்தால் வழி சரி, அப்படியே தொடருங்கள். இரண்டும் வெற்றிடமாக இருந்தால் தாளை எடுத்துக்கொண்டு இயற்பியல் ஆசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், எங்கே நிற்கிறது என்பதை அவள் வாயாலேயே சொல்லட்டும்.