டாரட் சீட்டை வரைந்த கை

அன்புள்ள அம்மா,

சீட்டு எடுத்துப் பலன் சொல்லும் டாரட் கற்றுக்கொள்ள ஆசை. அது எகிப்தியப் பூசாரிகளின் 5000 வருட ரகசியம் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். சீட்டுக்கட்டை நாமே வாங்கக் கூடாது, பரிசாக வந்தால்தான் பலிக்கும் என்பது உண்மையா? ஆன்லைனில் 299 ரூபாய்க்கு ஒன்று கிடைக்கிறது. மதுரையில் யாரிடம் போய்ப் பார்க்கலாம்?

செ., திருமங்கலம்

அன்புள்ள செ.,

பரிசு விஷயத்தை விட்டுத்தள்ளுங்கள். உங்கள் காசில் தாராளமாக வாங்கலாம்.

எகிப்தை அப்படி விட முடியாது. டாரட் 1440 வாக்கில் வட இத்தாலியில், பிரபுக்கள் வீட்டுச் சீட்டாட்டமாகப் பிறந்தது. எகிப்தைக் கொண்டுவந்து ஒட்டியவர் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர், 1781இல். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியதே 1822இல்தான். படிக்கவே தெரியாத எழுத்திலிருந்து என்ன ரகசியத்தை எடுத்திருக்க முடியும்? கீழடியில் ஒரு குழியின் வயதைச் சொல்ல, மண்ணை அடுக்கடுக்காகத் தோண்டிக் கரித்துண்டை ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, யாரோ சொன்ன வயதை அப்படியே நம்புகிறீர்களே!

வயதைக் கேட்டீர்கள். வரைந்தது யார் என்று கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை, அதுதான் என் ஆற்றாமை. இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 1909இல் லண்டனில் வந்த ரைடர்-வெயிட் கட்டு. ரைடர் பதிப்பாளர், வெயிட் வரையச் சொன்னவர். 78 சீட்டையும் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித்தின் பெயர் அதில் இல்லை. மார்சேய் என்ற பழைய பிரெஞ்சுக் கட்டில் 22 பெரிய சீட்டுகளுக்கும் ராஜா ராணி வரிசைக்கும்தான் உருவப்படம். ஐந்து கோப்பை என்ற சீட்டில் வெறும் ஐந்து கோப்பைதான். பமீலா அங்கே ஒரு ஆளை நிறுத்தினார். கறுப்பு அங்கி, முன்னால் கவிழ்ந்த மூன்று கோப்பைகள், முதுகுக்குப் பின்னால் கவிழாத இரண்டு. புத்தகம் இல்லாமலே புரிகிறதல்லவா? சோலா பூஸ்கா என்ற பழைய இத்தாலியக் கட்டின் சாயல் மூன்று வாள் சீட்டில் தெரியும். ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது பமீலாவின் கைதான். பெரிய வேலை, கூலி மிகக் குறைவு என்று அந்த வருடமே ஒரு கடிதத்தில் எழுதினார். 1951இல் கடனோடு இறந்தார். இங்கே கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமி படங்கள் எத்தனை பூஜை அறைகளில் இருந்தன, எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அந்த 299 ரூபாய்க் கட்டு வேண்டாம். பமீலா தன் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னி, படத்தின் கீழ் மூலையில் முத்திரையாகப் போட்டிருப்பார். போலிக் கட்டுகளில் அது மங்கியோ வெட்டுப்பட்டோ போகும். விளக்கப் புத்தகத்துக்குப் பதில் க்யூஆர் கோடு இருக்கும். அட்டை மெலிசு, கலைக்கும்போது ஒட்டும், ஓரம் சீக்கிரம் பிரியும். இன்று உயிரோடு இருக்கும் ஓவியர்களின் கட்டுகளையும் இப்படித்தான் திருடி அச்சடிக்கிறார்கள். நல்ல கட்டு சுமார் 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். பஞ்சாங்கக் கடையில் தேடாதீர்கள். ஆங்கிலப் புத்தகக் கடையில் பதிப்பாளர் பெயரோடு சொல்லிவைத்தால் தருவித்துக் கொடுப்பார்கள்.

யாரிடம் போகலாம் என்றால், கட்டணத்தை முதலிலேயே சொல்பவரிடம். மரணச் சீட்டைக் காட்டிப் பயமுறுத்தினாலோ, தோஷம், பரிகாரம் என்று ஆரம்பித்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு முன், தினம் ஒரு சீட்டை எடுத்து, படத்தில் இருப்பதை மட்டும் பத்து வரி எழுதுங்கள். புத்தகத்தை அப்புறம் திறக்கலாம்.