கள்ள நோட்டு அடித்த கைதிகள்: 'தி கவுன்டர்ஃபீட்டர்ஸ்' கேள்வி பதில்

ஸ்டெஃபான் ருசோவிட்ஸ்கி இயக்கிய ஆஸ்திரியப் படம், 2007இல் வந்தது. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கே: கதை நிஜமா, கற்பனையா?

நிஜம்தான். பெர்லினுக்கு வடக்கே சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் 18, 19ஆம் பிளாக்குகளை மட்டும் தனியாக வேலி போட்டு அடைத்து, சுமார் 140 யூதக் கைதிகளை வைத்து நாஜிகள் பிரிட்டிஷ் பவுண்டு அடித்தார்கள். மொத்தம் 13 கோடி பவுண்டுக்கு மேல். பொறுப்பில் இருந்தவர் பெர்ன்ஹார்ட் க்ரூகர் என்ற, நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி.

கே: படத்தில் வரும் சாலியும் பர்கரும் நிஜ ஆட்களா?

சாலி, சாலமன் ஸ்மோலியனோஃப் என்ற தொழில்முறைக் கள்ளநோட்டுக்காரரை வைத்து எழுதிய பாத்திரம். அடோல்ஃப் பர்கர் சொந்தப் பெயரிலேயே வருகிறார். ஸ்லோவாக்கிய அச்சுக்காரர். யூதர்களைக் காப்பாற்ற, அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று காட்டும் போலி ஞானஸ்நானச் சான்றிதழ் அடித்துக் கொடுத்து 1942இல் மாட்டினார். மனைவி ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். போலிச் சான்றிதழுக்காகப் பிடிபட்டவரையே போலி நோட்டு அடிக்க உட்கார வைத்ததை என்னவென்று சொல்ல!

கே: புது நோட்டு எப்படிப் பழசானது?

எனக்குப் பிடித்த கேள்வி. கைதிகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, அழுக்குக் கையால் நோட்டுகளைக் கசக்கி, மடித்துக் கைமாற்றுவார்கள். ஆங்கிலேய வங்கிக்காரர்கள் நோட்டுக் கட்டுகளை ஊசியால் குத்தி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள். அதனால் ஊசி ஓட்டையும் போட்டார்கள். தாள்தான் பெரிய தலைவலி. அது கந்தல் துணியில் செய்த தாள். புதுத் துணியைக் கூழாக்கினால் நிறம் ஒத்துவரவில்லை. அப்புறம் அழுக்கேறிய துணியைத் துவைத்துப் பயன்படுத்தியதும் சரியாக வந்தது.

கே: நோட்டு அடித்தவர்களுக்கு முகாமில் மெத்தையும் பிங்பாங்கும்? நம்ப முடியவில்லை.

இருந்தன. அதே முகாமில், ராணுவ பூட்ஸ் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க மற்ற கைதிகளை ஒரு நாளைக்கு 40 கி.மீ. வரை நடக்க வைத்தார்கள். படம் வேலிக்கு அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் நம் காதுக்கு மட்டுமே தருகிறது. அதுதான் என்னை உலுக்கியது. அதற்காக உள்ளே இருந்தவர்கள் பத்திரம் என்று நினைக்காதீர்கள். கடுமையான நோய் வந்தால் மருத்துவமனை கிடையாது. ரகசியம் கசிந்துவிடும் என்று கொன்றுவிடுவார்கள்.

கே: நாஜிகள் பவுண்டுக்குப் பிறகு டாலரும் அடிக்கச் சொன்னார்களே, அந்த வேலையை வேண்டுமென்றே இழுத்தடித்தது பர்கரா?

படம் பெருமையை அவருக்கே கொடுக்கிறது. மூலம் அவருடைய நினைவுக்குறிப்பு ஆயிற்றே. ஆனால் டாலருக்கான ஜெலட்டின் பூசிய அச்சுத் தகடுகளைக் கவனித்த டச்சுக்காரர் ஆபிரகாம் ஜேக்கப்சனின் பங்கு பெரியது. இழுத்தடித்ததற்குக் காரணம் இருந்தது: வேலை முடிந்தால் ஆளும் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

கே: எதிரிக்கு வேலை செய்தது துரோகம் இல்லையா?

சோபாவில் உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

கே: கடைசியில்?

போர் முடியும் நேரத்தில் ஆஸ்திரியாவின் எபென்சே முகாமுக்கு மாற்றப்பட்டிருந்த அவர்களை, 1945 மே 6 அன்று அமெரிக்கப் படை மீட்டது. நோட்டுப் பெட்டிகள் ஆஸ்திரியாவின் டோப்லிட்ஸ் ஏரிக்குள் போயின. 1959இல் சில வெளியே வந்தன. பர்கர் 99 வயது வரை வாழ்ந்தார். க்ரூகருக்குத் தண்டனை எதுவும் இல்லை. விசாரணையில் அவருக்கு ஆதரவாகப் பேசியவர்களில் அவரிடம் வேலை செய்த கைதிகளும் இருந்தார்கள்.